மேனிபெஸ்ட் முரண்களும் அவற்றைத் தீர்க்கும் முறையும்

ஏட்டுச்சுவடிகளினின்று பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியோர் எதிர்ப்பட்ட இடர்களுள் தலையாயது பாடபேதம் என்பதாம். ஒரே நூலின் இரண்டு பிரதிகள் ஒரே அடியில் வெவ்வேறு சொற்களைக் காட்டும். அச்சிலோ ஒரு சொல்லுக்கே இடமுண்டு. 1887ஆம் ஆண்டிலே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் அக்காலத்தில் நம் காவிரி நாட்டுக் கும்பகோணத்திற் கல்லூரித் தமிழாசிரியராய் விளங்கியவர். பிரதிகளை ஊரூராய்த் தேடித் தொகுத்தலும், ஒன்றோடொன்று ஒப்புநோக்கலும், பொருந்திய பாடத்தை மூலத்தில் வைத்து வேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டலும் அவர்தம் பதிப்புக்களாற் சிறப்புற்ற நெறியாகும். தமக்கு விருப்பமான சொல்லைக் கொள்வது பதிப்பாசிரியர் கடமையன்று. எச்சொல்லுக்கு அவ்விடத்தில் உரிமையுண்டென ஆராய்ந்து துணிவதே கடமை.

இக்காலத்துக் கணினி மாணவர் ஆண்ட்ராய்டுச் செயலி இயற்றப் புகுங்கால் இவ்விடரே வேறொரு வடிவில் அவர்முன் வந்து நிற்கின்றது. அதற்கு மேனிபெஸ்ட் முரண் என்று பெயர். அது தோன்றும் வகையையும், அதனைத் தீர்த்தற்குரிய முறையையும், அவசரத்தால் விளையும் தீங்கையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனிபெஸ்ட் என்பது யாது?

நாகப்பட்டினம் போன்ற துறைகளில் கப்பல் வந்து நிற்கும்போது, அதிலேற்றப்பட்ட சரக்குகள் இவையென வரிசைப்படுத்தி அதிகாரிகளுக்குக் காட்டும் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் மேனிபெஸ்ட் என்று பெயர். 2008ஆம் ஆண்டு முதற் கைப்பேசிகளில் வழங்கிவரும் ஆண்ட்ராய்டு, தன்மீது ஏறும் ஒவ்வொரு செயலியிடமும் அத்தகைய பட்டியலொன்றை வேண்டுகின்றது. செயலியின் பெயரும் சின்னமும், அதன் திரைகளாகிய ஆக்டிவிட்டிகள், மறைவிலே தொழில்புரியும் சர்வீஸ்கள், பிற செயலிகளுக்குத் தரவு வழங்கும் புரொவைடர்கள், கேமரா, இருப்பிடம் முதலியவற்றைப் பயன்படுத்த வேண்டும் அனுமதிகள் ஆகிய யாவும் அப்பட்டியலில் இடம்பெறும். அதிற் சொல்லப்படாத ஆக்டிவிட்டியைக் கைப்பேசி திறவாது. அதிற் கேளாத அனுமதியைக் கொடாது. ஆகவே மேனிபெஸ்ட், செயலிக்கும் கைப்பேசிக்கும் இடையே எழுதப்பட்ட சாசனம் எனலாம். எந்தச் செயலிப் பொதியிலும் இச்சாசனம் ஒன்றே இருத்தல் கூடும்.

வகைப்பிரதிகள்

பயன்படுத்துவோர் பலராயின் ஒரே மூலத்தினின்று செயலியின் பல வகைகளை இயற்றவேண்டி நேரும். விளங்குதற்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். திருவாரூர் மாவட்டத்திலே குறுவையும் சம்பாவும் அறுவடையாகுங்கால், உழவர் தம் நெல்லை அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்வர். அங்கே முறைவரிசையும், நெல்லின் ஈரப்பதமும், மூட்டைக் கணக்கும் பெரிய காரியங்கள். இவற்றைக் குறிக்கும் செயலியொன்றை மாணவர் சிலர் இயற்றுவதாகக் கொள்வோம். உழவருக்கு வேண்டுவது தம் முறை வந்ததா என்னும் செய்தி மாத்திரமே. நிலையத்தாருக்கோ மூட்டைகளைப் படமெடுக்கக் கேமராவும், நிலையத்தைக் குறிக்க இருப்பிடமும் வேண்டும். ஆகவே ‘உழவர்’, ‘நிலையம்’ என இரண்டு பிளேவர்கள் அமையும். பரிசோதனைக்குரியது டீபக் என்றும், மக்களுக்கு வெளியிடுவது ரிலீஸ் என்றும் இரண்டு பில்ட் டைப்புகளும் உண்டு. இரண்டையும் இரண்டையும் பெருக்க நான்கு வேரியன்ட்கள், அதாவது நான்கு வகைப்பிரதிகள் தோன்றுகின்றன.

ஒவ்வொரு வகைக்கும் இறுதியில் ஒரு மேனிபெஸ்டே உண்டாயினும், அதனை ஆக்கும் மூலங்கள் பல. எல்லா வகைக்கும் பொதுவான மெயின் மேனிபெஸ்ட் ஒன்று, பிளேவருக்குரியது ஒன்று, பில்ட் டைப்புக்குரியது ஒன்று, அவ்விரண்டும் சேர்ந்த வேரியன்ட்டுக்கே உரியது ஒன்று. இவையன்றிப் பிறர் இயற்றிய லைப்ரரிகளைச் சேர்க்குந்தோறும், அவையும் தத்தம் மேனிபெஸ்டைச் சுமந்து வரும். இவை யாவற்றையும் ஒன்றாக்கும் கருவிக்கு மேனிபெஸ்ட் மெர்ஜர் என்று பெயர். செயலியைக் கட்டும் கிரேடில் இதனைத் தானே ஏவுகின்றது.

ஒன்றாக்கும் ஒழுங்கு

மெர்ஜர் தன் மனம்போனபடி ஒன்றாக்குவதில்லை. அதற்கு முதன்மை வரிசையொன்று உண்டு. வேரியன்ட்டுக்கே உரியது எல்லாவற்றிற்கும் மேலானது, அதன்கீழ் பில்ட் டைப், அதன்கீழ் பிளேவர், அதன்கீழ் மெயின், லைப்ரரிகள் கடைநிலையின. கீழுள்ளது தனக்கு மேலுள்ளதனோடு படிப்படியே சேர்க்கப்படும். செயலியின் அடையாளப்பெயர், பதிப்பெண், ஏற்கத்தகும் மிகப் பழைய ஆண்ட்ராய்டின் எண் முதலியவற்றைக் கிரேடில் கோப்பில் எழுதியிருப்பின், மேனிபெஸ்டிலுள்ளவற்றை நீக்கி அவையே நிற்கும்.

உழவர், நிலையம் என்னும் இரண்டு பிளேவர்களும் எக்காலத்தும் தம்முள் ஒன்றாக்கப்படுவதில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது. ஒரு வேரியன்ட்டில் அவற்றுள் ஒன்றே இடம்பெறும். ஆதலால் ‘இரண்டு வகைகள் தம்முள் முரண்படுகின்றன’ என்று கூறுமிடத்து, உண்மையில் முரண்படுவன ஒரு வகையும் அதன் பொது மூலமுமோ, ஒரு வகையும் அது சேர்த்துக்கொண்ட லைப்ரரியுமோ ஆம். உழவர் வகை நன்கு கட்டப்பட, நிலையம் வகை மட்டும் தடைப்படுமாயின், நிலையத்திற்கே உரிய மேனிபெஸ்டையும் லைப்ரரிகளையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

சேர்க்குங்கால், பெயராற் பொருந்தும் உறுப்புகளை மெர்ஜர் இணையாக வைத்து, அவற்றின் பண்புகளை ஒப்பிடும். மேலதிற் பண்பு எழுதப்பட்டுக் கீழதில் இல்லையாயின் மேலது நிற்கும். கீழதில் மட்டும் இருப்பின் கீழது புகும். இரண்டும் ஒரே மதிப்பைச் சொல்லின் வழக்கில்லை. மேலது ஒன்றும் கீழது வேறொன்றும் சொல்லின், அங்கேதான் முரண் எழுகின்றது. அப்போது மெர்ஜர் மேலதைத் தானே வெற்றிபெறச் செய்வதில்லை; கட்டுமானத்தை நிறுத்தி இயற்றுவோனை வினவுகின்றது. முதன்மை வரிசை இருந்தும் அது வினவுவதன் காரணத்தை மாணவர் சிந்திக்கவேண்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் அறியாமல் அழித்தல் தகாதென்பதே அக்காரணம்.

பிழைச்செய்தியைப் படிக்கும் முறை

கட்டுமானம் தடைப்பட்டவுடன் சிவந்த எழுத்தில் நீண்ட செய்தியொன்று தோன்றும். புதியோர் பலர் அதனைப் படியாமலே இறுதி வரிக்குத் தாவி, அங்குள்ள ஆலோசனையை அப்படியே ஒட்டிவிடுவர். அது செவ்விய முறையன்று. அச்செய்தியில் ஆறு உறுப்புகள் உண்டு: முரண்பட்ட பண்பு யாது, ஒரு மதிப்பு யாது, அஃது எக்கோப்பில் எவ்வரியிலுள்ளது, மற்றொரு மதிப்பு யாது, அஃது எங்கிருந்து வந்தது, ஈற்றில், தடையை நீக்க எதனைச் சேர்க்கலாம் என்னும் ஆலோசனை. முதல் ஐந்தும் சான்றுகள். ஈற்றது ஆலோசனை மாத்திரமே, தீர்ப்பன்று.

இச்சான்றுகள் போதாவிடத்து, கட்டுமானக் கோப்புறையின் அவுட்புட்ஸ் என்னும் பகுதியிலுள்ள லாக்ஸ் கோப்புறையில் மெர்ஜர் எழுதிவைக்கும் அறிக்கையைப் பார்க்கலாம். ஒவ்வோர் உறுப்பும் எக்கோப்பினின்று சேர்க்கப்பட்டது, எதனோடு இணைக்கப்பட்டது, எது கிரேடிலால் உட்புகுத்தப்பட்டது என அது வரிவரியாய்ச் சொல்லும். பாடபேதங்களைக் காட்டும் அடிக்குறிப்பை ஒப்பது அது.

தீர்க்குங் கருவிகள்

தீர்ப்பை மெர்ஜருக்கு அறிவித்தற்கெனச் சில குறிகள் உள. மேனிபெஸ்டின் முதல் உறுப்பில் டூல்ஸ் என்னும் பெயர்வெளியை அறிவித்த பின்னரே அவற்றை எழுதலாம். ‘டூல்ஸ்:ரீப்ளேஸ்’ என்பது, பெயர் குறித்த பண்பில் என் மதிப்பே நிற்க, கீழது நீங்குக என்பதாம். ‘டூல்ஸ்:ரிமூவ்’ கீழிருந்து வரும் பண்பை நீக்கும். ‘டூல்ஸ்:நோட்’ என்பதற்கு ரிமூவ் என மதிப்பளிப்பின் உறுப்பு முழுதும் நீங்கும். ரீப்ளேஸ் எனின் உறுப்பு முழுதும் மாறும். ஸ்ட்ரிக்ட் எனின் சிறிது வேறுபாடு காணினும் கட்டுமானம் நிற்கும். ‘டூல்ஸ்:செலெக்டர்’ ஒரு லைப்ரரியின் பெயரைச் சுட்டி, நீக்குங் குறி அதன்மேல் மாத்திரம் செல்லும்படி செய்யும்.

இக்குறிகளை மேலான கோப்பிலேயே எழுதவேண்டும். நிலையம் பிளேவர் மெயினிலுள்ள பண்பொன்றை மாற்ற விரும்பின், குறி நிலையத்தின் மேனிபெஸ்டில் இருத்தல் வேண்டும். மெயினில் எழுதின் பயனில்லை. ரீப்ளேஸ் என்று எழுதுவோர் அவ்விடத்திலேயே புதிய மதிப்பையும் எழுதவேண்டும். மதிப்பின்றிக் குறிமட்டும் எழுதின் அதுவே வேறொரு பிழையாகும்.

குறியே வேண்டாத இடங்களும் பலவுண்டு. செயலியின் பெயர் வகைதோறும் வேறுபடவேண்டின், பெயரை மேனிபெஸ்டிலேயே எழுதுதல் முரணுக்கு வழி. மெயினில் ஸ்ட்ரிங் வளத்தின் பெயரைமட்டும் சுட்டி, ஒவ்வொரு பிளேவரின் கோப்புறையிலும் அவ்வளத்திற்கு வேறு மதிப்பளித்தால் வழக்கே எழாது. வளங்களில் மேலது கீழதை அமைதியாக மறைத்துக்கொள்ளும். கிரேடிலில் வரையறுக்கும் பிளேஸ்ஹோல்டர்கள் என்னும் இடங்காட்டிகளும் இவ்வாறே உதவும்.

ஐந்து வழக்குகள்

இரண்டு தாயர் ஒரு மகவுக்கு உரிமை பாராட்டியபோது சாலொமோன் அரசன் வழக்குத் தீர்த்த வரலாறு நம் கல்லூரி மாணவர் யாவரும் அறிந்ததே. வாளைக் கொணரச் செய்தது பிளத்தற்கன்று. உரியவள் யாரெனக் கண்டறிதற்கே. ரீப்ளேஸ் என்னும் குறியும் வாள்போன்றது. உரியவர் யாரென அறியுமுன் வீசின் கேடே விளையும். இதனை விளக்கச் சில வழக்குகளைப் பார்ப்போம்.

முதலாவது, காப்புநகல் வழக்கு. உழவரின் வங்கிக்கணக்கு விவரம் செயலியில் இருப்பதால், அதன் தரவைக் காப்புநகலெடுக்க ஒவ்வோம் என மெயினில் எழுதினோம். சேர்த்த லைப்ரரியொன்று நகலெடுக்கலாம் என்கின்றது. இங்கே உரிமை யாருடையது? தரவு செயலியினுடையது, அதனைக் காக்கும் பொறுப்பும் செயலியை இயற்றினோருடையது. ஆகவே ரீப்ளேஸ் எழுதி நம் மதிப்பை நிறுத்துதல் முறையே. ஆலோசனையும் நீதியும் இங்கே ஒன்றுபடுகின்றன.

இரண்டாவது, தலைமுறை வழக்கு. 2018ஆம் ஆண்டிலே பழைய சப்போர்ட் லைப்ரரிகளுக்கு மாற்றாக ஆண்ட்ராய்டு-எக்ஸ் என்னும் தொகுதி வெளிவந்தது. ஒரு லைப்ரரி பழையதையும் மற்றொன்று புதியதையும் நாடின், ‘ஆப் காம்பொனென்ட் ஃபேக்டரி’ என்னும் பண்பில் இரண்டு வேறு பெயர்கள் வந்து முரணும். மெர்ஜர் வழக்கம்போல் ரீப்ளேஸ் என ஆலோசனை கூறும். அதனைக் கேட்பின் மேனிபெஸ்ட் முரண் நீங்கும். ஆனால் இரு தலைமுறைகளும் ஒரே செயலியினுள்ளே கலந்தே கிடக்கும். தடை அவ்விடம் விட்டு நீங்கிப் பின்னொரு படியிலே, வேறொரு முகத்தோடு எதிர்ப்படும். பழைய லைப்ரரிகளைப் புதுப்பித்து, செயலி முழுதையும் ஆண்ட்ராய்டு-எக்ஸுக்கு மாற்றுவதே உண்மைத் தீர்வு. இங்கே மேனிபெஸ்ட் முரண் நோயன்று, நோயின் அறிகுறி.

மூன்றாவது, பழைய கைப்பேசியின் வழக்கு. 2014ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 5 முதல் எல்லாக் கைப்பேசியிலும் எம் செயலி இயங்கும் என்று அறிவித்தோம். லைப்ரரியொன்று 2015ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 6க்குக் கீழ் இயங்கேன் என்கின்றது. கட்டுமானம் நிற்கும். ‘டூல்ஸ்:ஓவர்ரைட்லைப்ரரி’ என்னும் குறியை எழுதினால் தடை நீங்கும். ஆயினும் அக்குறி லைப்ரரிக்குப் புதிய ஆற்றல் எதனையும் அளிப்பதில்லை; அதன் எச்சரிக்கையை மட்டும் அடக்குகின்றது. பழைய கைப்பேசியில் இல்லாத செயலொன்றை லைப்ரரி அழைக்குங் கணத்திற் செயலி வீழும். மேசைமேல் இருக்கும் புதிய கைப்பேசியிற் சோதிக்கும் மாணவர் இதனைக் காணார். நெல்மூட்டைகளோடு முறைக்குக் காத்திருக்கும் உழவரே காண்பர். பழைய கைப்பேசிகளுக்கேற்ற முந்திய பதிப்பைத் தேடுதலோ, வரம்பை உயர்த்தி அதனை வெளிப்படையாய் அறிவித்தலோ நேர்மையான வழி. ஓவர்ரைட் எழுதியே தீரவேண்டின், கைப்பேசியின் ஆண்ட்ராய்டு எண்ணைச் சோதித்து, புதியவற்றில் மாத்திரம் லைப்ரரியை அழைக்கும் காவலையும் உடனெழுதல் வேண்டும்.

நான்காவது, ஓசையற்ற வழக்கு. இதுவே எல்லாவற்றினும் கருதத்தக்கது. நிலையத்தாரின் பொருட்டு இருப்பிடங்காட்டும் லைப்ரரியொன்றைப் பொதுவிற் சேர்த்துவிட்டோம் என்க. அதன் மேனிபெஸ்ட் இருப்பிட அனுமதியைக் கேட்கின்றது. உழவர் வகையின் மேனிபெஸ்டில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேலது வெறுமை, கீழது ஒரு மதிப்பு. ஆகவே முரண் எழாது. அனுமதி அமைதியாகப் புகுந்துவிடும். முறைவரிசையை மாத்திரம் அறியவந்த உழவரின் செயலி, அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் கேட்கும் உரிமையைப் பெற்றுவிடுகின்றது. மெர்ஜரின் மௌனம் உடன்பாட்டுக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டா. உழவரின் மேனிபெஸ்டில் அவ்வனுமதியின் பெயரை எழுதி, நோட் ரிமூவ் எனக் குறித்தால் அது நீங்கும். ஆயின் லைப்ரரி உள்ளேயே இருப்பதால், இல்லாத அனுமதியை அது நாடும்போது செயலி தடுமாறலாம். கிரேடில் கோப்பிலே அந்த லைப்ரரியை நிலையம் பிளேவருக்கு மாத்திரம் உரிய சார்பாக எழுதுதல் மேலான வழி. வேண்டாத விருந்தினரை வீட்டினுள் அழைத்துப் பின் அடக்குவதினும், வாயிலிலேயே நிறுத்துதல் நன்றன்றோ?

ஐந்தாவது, கட்டுமானத்திலே தோன்றாமற் கைப்பேசியிலே தோன்றும் வழக்கு. உழவர் வகையும் நிலையம் வகையும் வேறுவேறு அடையாளப்பெயர் பெற்றிருப்பின், ஒரே கைப்பேசியில் இரண்டையும் நிறுவக்கூடும். ஆனால் இரண்டும் தம் புரொவைடருக்கு ஒரே அத்தாரிட்டிப் பெயரை வைத்திருப்பின், இரண்டாவது நிறுவப்படாது. ஒரு கைப்பேசியில் அப்பெயர் ஒருவருக்கே உரியது. இதற்குத் தீர்வு எளிது. அத்தாரிட்டியை நேரே எழுதாமல், அப்ளிகேஷன் ஐடி என்னும் இடங்காட்டியைக்கொண்டு தொடங்குமாறு எழுதினால், வகைதோறும் அது தானே வேறுபடும்.

வெளியிடுமுன் செய்யத்தக்கன

2021ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 12ஐ இலக்காகக் கொள்ளும் செயலிகளில், இன்டென்ட் ஃபில்டருடைய ஒவ்வோர் ஆக்டிவிட்டியும் சர்வீஸும் ரிசீவரும், பிற செயலிகள் தன்னை அழைக்கலாமா என்பதை வெளிப்படையாக எழுதவேண்டும் என்னும் விதி வந்தது. எழுதாதவிடத்துக் கட்டுமானம் நிற்கும். மௌனத்தாற் பொருள்கொள்ளும் வழக்கத்தை ஆண்ட்ராய்டும் குறைத்துவருகின்றது என்பதற்கு இவ்விதி ஓர் அடையாளம். எனினும் இன்னும் பல பண்புகள் மௌனத்திலேயே முடிவாகின்றன.

ஆதலால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னே, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் மேனிபெஸ்டைத் திறந்து, கீழ்ப்புறத்திலுள்ள ‘மெர்ஜ்டு மேனிபெஸ்ட்’ என்னும் தாவலை நோக்குதல் நன்று. எல்லாம் சேர்ந்த இறுதிச் சாசனம் அங்கே காணப்படும்; ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்து வந்ததென்பதும் புலனாகும். ஒரு வகையை மாத்திரம் பார்த்து அமைதல் போதாது. வேரியன்ட்டை மாற்றி நான்கினையும் பார்க்கவேண்டும். டீபக் வகையிற் சோதனைக்காகத் திறந்த மறைக்குறியற்ற இணையப்போக்குவரத்து ரிலீஸ் வகையிற் புகவில்லை என்பதையும் அப்போதே உறுதிசெய்யலாம். அத்தகைய இசைவுகளை டீபக்கின் மேனிபெஸ்டிலன்றி மெயினில் எழுதலாகாது. அனுமதிகளின் பட்டியலை ஒவ்வொன்றாய் எடுத்து, ‘இதனை யார் கேட்டார்? எதற்காகக் கேட்டார்?’ என்று வினவுக. விடை கூறமுடியாத அனுமதி ஒன்றேனும் இருப்பின், அச்செயலி வெளியீட்டுக்கு ஆயத்தமாகவில்லை.

எழுதிய ஒவ்வொரு ரீப்ளேஸ் குறிக்கும் அருகே அதன் காரணத்தை ஒரு வரியிற் குறித்துவைத்தலும் வேண்டும். இன்றைக்கு விளங்கும் காரணம் ஓராண்டு கழித்து எழுதியவருக்கே விளங்காது போகும். லைப்ரரி மாறியபின் அக்குறி தேவையற்றதாகியும் விடக்கூடும். காரணமின்றிக் கிடக்கும் குறி, பிற்காலத்து உண்மை முரண்களையும் மூடிவிடும்.

மாணவர்காள்! முரண் தோன்றியவுடன் அதனை அழிக்க விரைதல் நம் இயல்பு. ஆனால் முரண் என்பது இரண்டு பேர் ஒரே பொருளைப்பற்றி வெவ்வேறாகச் சொல்லியிருக்கின்றனர் என்னும் செய்தியே. அவர் யாவர், எதனாற் சொன்னார், எவர் சொல்லுக்கு அவ்விடத்தில் உரிமை என்பவற்றை ஆராய்ந்து துணிபவர், நல்ல செயலியையும் இயற்றுவர். தம் கைப்பேசியை நம்பி அதனை நிறுவுகின்ற எளியோர்க்கு நம்பத்தக்கவராகவும் விளங்குவர்.